ஈன்ற பொருள்களின் கணக்கு
பிரண்டன் ஐக்கு 1995-இல் யாத்த சாவாசுகிரிப்டு மொழியில், 'நியூ' என்றழைக்குந்தொறும் ஆக்கி ஒரு பொருளை ஈனும். ஈன்றவை எத்தனை என்னுங் கணக்கை அம்மொழி தானே வைப்பதில்லை. நிரலாளரே வைத்தல் வேண்டும்.

ஆக்கியினுள்ளேயே ஒவ்வொன்றையும் பட்டியலிற் சேர்த்துவிடலாம். எளிதுதான்; கேடும் ஆங்கேயே உளது. பட்டியல் பற்றியிருக்கும்வரை, பயன் தீர்ந்த பொருளையுங் குப்பையகற்றி தீண்டாது. நினைவகம் வீணே நிரம்பும். மாண்டார் பெயரை அடிக்காத ஊர்க்கணக்குப் போன்றது அது!

2015-இல் வந்த 'வீக்செட்டு' தளர்வாகவே பற்றும். ஆயின் தன்னுள் இருப்பவற்றை வரிசையாகக் காட்டாது. எண்ணவொண்ணாக் கணக்கு என்ன கணக்கோ? 2021-இல் 'வீக்ரெப்' வந்தது. அதனைப் பட்டியலில் இட்டால் எண்ணவும் இயலும். பொருள் மறையவும் தடையில்லை. ஆயினும், எப்பொழுது மறையும் என்பதற்கு உறுதியில்லை. ஆகலின், பணி முடிந்தவிடத்தே பெயரை நீக்கும் செயற்கூறொன்றை நிரலாளர் தாமே எழுதிவைத்தல் நன்று.