சொல்லின் ஈற்றில் ஒரு பூச்சியம்



பண்டத்தரிப்பு என்னும் ஊர்ப்பெயரில் எழுத்துகள் 8. கணினியோ அதனை யுனிக்கோட் முறைப்படி 13 குறிகளாகப் பிரித்து, யுடிஎஃப்-8 வடிவில் 39 பைட்டுகளாக வைக்கிறது. சொல் முடிந்தமை காட்ட ஈற்றில் ஒரு பூச்சியத்தையும் சி மொழி வேண்டுகிறது, ஆக 40. அப்பூச்சியம் விடுபடின், வாசிக்கும் நிரல் எல்லை கடந்து அயல் நினைவகத்துட் புகும். லினக்ஸ் கெர்னலில், சாதனங்களை இயக்கும் டிரைவரில் இது நேரின், கணினி முழுவதும் நிலைகுலையக்கூடும்.

2022 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 6.1 பதிப்பில் ரஸ்ட் மொழி இடம்பெற்றது. ரஸ்ட் சொல்லின் நீளத்தைத் தானே கணக்கில் வைத்திருப்பதால் அதற்குப் பூச்சியம் வேண்டுவதில்லை. ஆயினும், சி மொழியில் அமைந்த கெர்னலோடு டிரைவர் பேசவேண்டுமன்றோ? அதற்கென, ஈற்றில் பூச்சியம் சேர்த்து, இடையில் வேறு பூச்சியம் இல்லையெனத் தொகுக்கும்போதே சோதிக்கும் துணைநிரல் ஒன்று கெர்னலில் எழுதப்பட்டது.

2024 மார்ச்சில் வந்த ரஸ்ட் 1.77 அப்பணியை மொழியின் இலக்கணத்துள்ளேயே சேர்த்தது. மேற்கோட்குறிக்கு முன் 'சி' என்னும் ஆங்கில எழுத்தை இட்டாற் போதும். அதன்பின் கெர்னலின் பல பகுதிகளில் துணைநிரல் அழைப்புகள் நீக்கப்படலாயின.

நிரல் ஓடும்போது பிறக்கும் சொற்களுக்கு மட்டும் சோதனை இன்றும் வேண்டும். மொழியே காக்கும் இடத்தில் துணைநிரலைக் களைக. அது காவாத இடத்தில் சோதனையைக் கைவிடற்க.