அயலூர் ஆசிரியரும் மாலை விளையாட்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம், ஆசிரியர்களைப் பற்றிப் பேச முன்வந்தது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஊர்விட்டு ஊர் சென்று பிழைப்பதில் ரயில்வேக்காரரும் ஆசிரியரும் ஒருவகையில் உறவினரே. அவ்வுரிமை பற்றியே இச்சிறு பொருளை உங்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

நம் சங்கத்துக் குடும்பங்களிலிருந்து இளைஞரும் மகளிரும் ஆசிரியப் பணி ஏற்று அயல்நாடுகளுக்குச் செல்கின்றனர். அவர்கள் புறப்படும்போது சம்பளம் எவ்வளவு, உறைவிடம் எத்தகையது என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஊறுகாயும் பருப்புப் பொடியும் மறவாது கட்டிக் கொடுக்கிறோம். ஆனால், ‘பள்ளி விட்டபின் மாலையில் என்ன செய்வாய்? யாரோடு பேசுவாய்?’ என்று கேட்பாரில்லை. பணியைப் பாதியில் விட்டுத் திரும்பிய சிலரோடு நாம் உரையாடியதுண்டு. பாடம் நடத்துவது கடினமென்று அவர்கள் கூறவில்லை. பூட்டிய அறையும் போகாத மாலைப் பொழுதுமே தங்களை வாட்டின என்றனர்.

இக்குறை ஆசிரியருக்கு மற்றவரினும் மிகுதி. அவர் நாள் முழுதும் பேசுகிறார். எனினும் தமக்கு ஒப்பானவரோடு பேசுவது அரிது. மாணவர் மரியாதையோடு விலகி நிற்பர். பெற்றோர் மதிப்பெண்ணைப் பற்றியே பேசுவர். உடன் பணியாற்றுவோர் மணி அடித்ததும் தத்தம் இல்லம் ஏகுவர். விருந்துக்குச் செல்ல அழைப்பு வேண்டும். உரையாட மொழி வேண்டும். விளையாட்டுக்கோ இவ்விரண்டும் இன்றியமையாதன அல்ல. தம் பக்கம் வந்த பந்தைத் திருப்பி அனுப்பத் தெரிந்தால் போதுமன்றோ?

அயல்நாட்டு ஆசிரியர் விளையாட்டு வழியே தோழமை கண்டது இன்று நேற்றைய செய்தியன்று. ஹோரஸ் வில்சன் என்னும் அமெரிக்கர் டோக்கியோவில் ஆசிரியராக இருந்தபோது, 1872-ஆம் ஆண்டளவில் தம் மாணவருக்குப் பேஸ்பால் ஆட்டத்தைக் கற்பித்தார். அவ்விளையாட்டு ஜப்பானியர் உள்ளங்கவர்ந்த ஆட்டமாக வளர்ந்தது. 2003-ஆம் ஆண்டில் அந்நாட்டினர் அவரைத் தம் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்த்துப் போற்றினர்.

ஸ்காட்லாந்தில் பிறந்த அலெக்சாண்டர் வாட்சன் ஹட்டன் என்பார் 1882-இல் ஆசிரியப் பணிக்காக அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸ் நகரம் சென்றார். மாணவர் விளையாடப் போதிய வசதி வேண்டும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார். 1884-இல் தாமே ஒரு பள்ளியை நிறுவி, அங்கே கால்பந்துக்குச் சிறப்பிடம் அளித்தார். அப்பள்ளியின் பழைய மாணவர் அணி 1900 முதல் 1911 வரை பத்து முறை அந்நாட்டு லீக் பட்டத்தை வென்றது. இன்று அவரை அர்ஜென்டினக் கால்பந்தின் தந்தை என்கின்றனர்.

நம் தொழிலாரையும் விட்டுவிடலாகாது. 1894-இல் இங்கிலாந்திலிருந்து பந்துகளோடு பிரேசில் திரும்பிய சார்லஸ் மில்லர், சாவோ பாலோ ரயில்வேயில் பணிபுரிந்தவர். மறு ஆண்டில் அவர் கூட்டிய ஆட்டத்தில் ரயில்வே ஊழியரும் எரிவாயுக் கம்பெனி ஊழியரும் மோதினர்.

இனி, அண்டை நாடுகளைப் பார்ப்போம். இந்திய ஆசிரியர் பலர் பணிபுரிந்துள்ள பூட்டானில் வில்வித்தையே தேசிய விளையாட்டு. ஏறத்தாழ 145 மீட்டர் தொலைவிலுள்ள சிறு இலக்கில் அம்பு தைத்ததும் அணியினர் கூடிப் பாடி ஆடுவர். ஊராரெல்லாம் திரளும் அவ்விடத்தில், அம்பெய்ய அறியாதவரும் கை தட்டிக் கலந்துகொள்ளலாம். மாலத்தீவில் மகளிருக்கென்றே ‘பாஷி’ என்றொரு விளையாட்டு உண்டு. வலைக்கு முதுகு காட்டி நிற்கும் ஒருத்தி, டென்னிஸ் மட்டையால் பந்தைத் தலைக்கு மேலாகப் பின்புறம் அடிக்க, எதிரணியினர் அதைப் பிடிக்க முயல்வர். அங்குச் செல்லும் நம் சகோதரியர் அறைக்குள் அடைந்திராமல் இதனைக் கற்றுக்கொள்ளலாம்.

ஆதலின், புறப்படுவோருக்கு நாம் கூறுவன நான்கு. முதலாவது, அழைப்பு வருமென்று காத்திராதீர்கள். மைதானத்தின் ஓரத்தில் நாலு நாள் நின்று பாருங்கள், ஓர் அணியில் எப்படியும் ஓராள் குறையும். இரண்டாவது, ஒரே இடத்திற்கு ஒரே நேரத்தில் செல்லுங்கள். முகம் பழகிய பின்னரே பெயர் கேட்பர். மூன்றாவது, வெற்றியில் வேட்கை கொள்ளாதீர்கள். தோற்றபின் சிரிப்பவனை மறுநாளும் தேடுவர். நான்காவது, அவர்கள் ஆட்டத்தைக் கற்பதோடு நம் ஆட்டத்தையும் கற்பியுங்கள். தஞ்சையில் பிறந்த பூப்பந்துக்கு மஞ்சள் கம்பளிப் பந்து ஒன்று, மட்டைகள் சில, ஒரு வலை, அணிக்கு ஐவர் இருந்தால் போதும். பெட்டியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் அப்பந்துக்கும் இடமுண்டு.

அன்பர்களே! வெளிநாடு செல்வோருக்கு இவ்வளவு சொல்லிவிட்டு, நம்மை நாமே நோக்காதிருத்தல் முறையாகுமா? நம் நகருக்கும் வெளிமாநிலத்து ஆசிரியர்கள் மாற்றலாகி வருகின்றனர். அவர்களுள் தமிழரைத் தேடிப்பிடித்து உறுப்பினர் ஆக்குகிறோம். மற்றையோரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தமிழரையுங்கூட ஆண்டு விழாவில் கண்டு, அடுத்த விழாவில் மீண்டும் காண்கிறோம். விழா ஆண்டுக்கு ஒருநாள்; மாலைப் பொழுதோ நாள்தோறும் வருகிறது.

எனவே, நம் காலனி மைதானத்தில் வாரம் இருமுறையேனும் மாலை ஆறு மணிக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு வலை கட்டப்பெறல் வேண்டும். மகளிருக்கும் அதில் உரிய நேரம் ஒதுக்கப்பெறல் வேண்டும். வருபவர் எம்மொழியினர் என்று கேளாது மட்டையைக் கையில் கொடுத்தல் வேண்டும். வேற்றூரில் நம்மை ஒருவர் அவ்வாறு வரவேற்க வேண்டுமென்று விழைகிறோமல்லவா? அவ்வரவேற்பை முதலில் நாம் அளிப்போமாக.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!