மீத்திறன் பிள்ளைகளும் நமது கடமையும்

(பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பணியை விட்டாலும் கேள்விகள் என்னை விடுவதில்லை. கோயிலிலோ ஈரச்சந்தையிலோ என்னைக் காணும் பெற்றோர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “டீச்சர், ஜி.இ.பி-யை எடுத்துவிட்டார்களாமே, நம் பிள்ளைகளுக்கு இது நல்லதா, கெட்டதா?” அந்தக் கேள்விக்கு நின்றவாக்கில் பதில் சொல்ல இயலாது. எனவேதான் இன்று அமைப்பாளர்கள் அளித்த இந்த அரைமணி நேரத்தை அதற்கே செலவிட விரும்புகிறேன்.

முதலில் இத்திட்டம் வந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1979-ஆம் ஆண்டு டாக்டர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு நம் கல்விமுறையைப் பற்றி ஓர் அறிக்கை அளித்தது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வேகத்தில் ஓட்டினால் பலர் பின்தங்கிப் பள்ளியை விட்டே போய்விடுகிறார்கள் என்று அது சுட்டிக்காட்டியது. அதன் விளைவாகப் பிள்ளைகளை அவரவர் வேகத்துக்கு ஏற்பப் பிரித்துக் கற்பிக்கும் முறை வந்தது. மெதுவாகக் கற்பவருக்கு ஒரு வழி வேண்டுமென்றால், மிக விரைவாகக் கற்பவருக்கும் ஒரு வழி வேண்டுமல்லவா? அந்த எண்ணத்தில் 1984-இல் மீத்திறன் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கநிலையில் ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளி, ரோசைத் பள்ளி ஆகிய இரண்டும், உயர்நிலையில் ராஃபிள்ஸ் கல்வி நிலையம், ராஃபிள்ஸ் பெண்கள் பள்ளி ஆகிய இரண்டும் முதலில் அதனை ஏற்று நடத்தின. பின்னர்த் தொடக்கநிலையில் மட்டும் ஒன்பது பள்ளிகள் ஆயின.

தொடக்கநிலை மூன்றாம் வகுப்பில் இரண்டு கட்டத் தேர்வு. முதற் கட்டத்தில் ஆங்கிலம், கணிதம். அதில் தேறியவர்களுக்கு இரண்டாம் கட்டத்தில் பொது அறிவாற்றல் தேர்வும் உண்டு. முடிவில் அந்த வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினர் தேர்வாயினர். நான்காம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை அவர்களுக்குத் தனி வகுப்பு. வழக்கமான வகுப்பில் 40 பேர் வரை இருக்க, அங்கே ஏறத்தாழ 25 பேர். பாடம் ஒன்றுதான், ஆனால் ஆழமும் அகலமும் கூடுதல். தாமே ஒரு பொருளை ஆராய்ந்து கட்டுரை எழுதும் பயிற்சியும் உண்டு. அவர்களும் மற்றவர்களைப் போலவே பி.எஸ்.எல்.இ தேர்வு எழுதினார்கள்.

இப்படி ஒரு திட்டம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், அதன் தேவை உண்மையானது. பத்துக் கணக்குக் கொடுத்தால் மற்றவர்கள் மூன்றாவது கணக்கில் இருக்கும்போது பத்தையும் முடித்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் அழிப்பானைப் பிடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். நாற்பது பேரைக் கட்டிமேய்க்கும் ஆசிரியர் கண்ணுக்கு அது குறும்பு. உண்மையில் அந்தப் பிள்ளைக்குச் சலிப்பு. சலிப்பு நீண்டால் சில பிள்ளைகள் அடங்காதவர்கள் என்று பெயரெடுப்பார்கள். வேறு சிலர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், தமக்குத் தெரிந்ததை மறைத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக இருந்துவிடுவார்கள். பார்வை குறைந்த பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கிறோம். அதை யாரும் பரிசு என்று சொல்வதில்லை. விரைந்து கற்கும் பிள்ளைக்குக் கடினமான பாடம் கொடுப்பதும் அத்தகையதே. அது ஒரு தேவை.

ஆனால் நடந்தது என்ன? தேவை என்று தொடங்கியது காலப்போக்கில் பரிசாகிவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளையை அந்தத் தேர்வுக்குத் தயார்செய்யவே துணைப்பாட நிலையங்கள் தோன்றின. பயிற்சியால் தேர்ச்சி பெறக்கூடாத ஒரு சோதனைக்கு, வசதியுள்ளவர்கள் மாதக்கணக்கில் பணம் கட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். தேர்வான பிள்ளை “ஜி.இ.பி பிள்ளை” ஆனது, தேர்வாகாத பிள்ளை தன்னை மந்தம் என்று நினைத்துக்கொண்டது. தேர்வான பிள்ளை பெரும்பாலும் மூன்றாண்டு பழகிய நண்பர்களையும் ஆசிரியர்களையும் விட்டு வேறு பள்ளிக்குப் போகவேண்டியிருந்தது. இவற்றைக் கல்வி அமைச்சும் அறியாமலில்லை. பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் கலந்து பழகச் சில பாடங்களைச் சேர்ந்து படிக்கச் செய்தார்கள். 2004-இல் ஒருங்கிணைந்த திட்டம் வந்த பிறகு உயர்நிலைப் பள்ளிகளில் இத்திட்டம் படிப்படியாகக் குறைந்து, 2008-உடன் அமைச்சின் நேரடித் திட்டமாக இல்லாமற் போயிற்று.

இந்த வழியில்தான் 2024 ஆகஸ்ட் மாதம் பிரதமர் திரு லாரன்ஸ் வோங் தம் தேசிய தினப் பேரணி உரையில், தொடக்கநிலை மீத்திறன் திட்டம் இப்போதுள்ள வடிவில் தொடராது என்று அறிவித்தார். அதனால் மீத்திறன் பிள்ளைகளை அரசாங்கம் கைவிட்டுவிட்டது என்று பொருளல்ல. ஒன்பது பள்ளிகளில் மட்டும் நடந்ததை எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவுபடுத்துவதே நோக்கம். பிள்ளை தன் பள்ளியிலேயே இருக்கும். அங்கேயே அதன் ஆற்றலுக்கேற்ற கூடுதல் பாடம் கிடைக்கும். இன்னும் கூடுதலாகத் தேவைப்படும் பிள்ளைகள், பள்ளி நேரத்துக்குப் பிறகு பக்கத்துப் பள்ளியொன்றில் சிறப்பு வகுப்புக்குச் செல்லலாம். 1 விழுக்காடு என்பது போய், ஒவ்வொரு வகுப்பாண்டிலும் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் பயன்பெறுவார்கள். இரண்டு கட்டத் தேர்வு ஒரே கட்டமாகிறது. அதனோடு ஆசிரியர் அன்றாடம் கவனித்து அறிந்தவையும், பிள்ளையின் வகுப்பு வேலைகளும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். 2024-இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து இது நடைமுறைக்கு வருகிறது. அதாவது அவர்களுக்கு 2026-இல் மூன்றாம் வகுப்பு, 2027-இல் நான்காம் வகுப்பு.

எண்ணிக்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்பில் 200 பிள்ளைகள் படிக்கும் ஒரு வட்டாரப் பள்ளியில் 1 விழுக்காடு என்றால் இருவர். 10 விழுக்காடு என்றால் இருபது பேர். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது இத்தகைய வட்டாரப் பள்ளிகளில்தான். ஆகவே இந்த மாற்றம் யாருக்கோ நடப்பதன்று. நம் வீவக வீட்டு வாசலுக்கே வந்திருப்பது.

ஆனால், வாசலுக்கு வந்தது வீட்டுக்குள் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. இதற்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கலிஃபோர்னியாவில் நடந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயிஸ் டெர்மன் 1921-இல் அறிவுத்திறன் சோதனை நடத்தி, 1,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்நாள் முழுவதும் எப்படி வளர்கிறார்கள் என்று ஆராய்ந்தார். அவர்களில் பலர் நல்ல நிலைக்கு வந்தார்கள். ஆனால் அந்தச் சோதனையில் போதிய மதிப்பெண் பெறாமல் விடப்பட்ட இரண்டு சிறுவர்கள் இருந்தார்கள். ஒருவர் வில்லியம் ஷாக்லி. 1956-இல் டிரான்சிஸ்டர் ஆய்வுக்காக இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். மற்றவர் லூயிஸ் அல்வாரெஸ். 1968-இல் அதே பரிசைப் பெற்றார். தேர்வான 1,500 பேரில் ஒருவர்கூட நோபல் பரிசு பெறவில்லை. ஒருநாள் சோதனை ஒரு பிள்ளையைத் தவறவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது, ஃபுளோரிடா மாநிலத்தின் பிரோவர்டு வட்டாரத்தில் நடந்தது. மீத்திறன் திட்டத்துக்குப் பிள்ளைகளை ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரை செய்வதே அங்கு வழக்கம். 2005-ஆம் ஆண்டுவாக்கில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும், மொழியை நம்பாத ஓர் எளிய சோதனையை அந்த வட்டாரம் நடத்தத் தொடங்கியது. விளைவு என்ன தெரியுமா? ஏழைப் பிள்ளைகளும், கறுப்பினப் பிள்ளைகளும், ஸ்பானிய வழிவந்த பிள்ளைகளும் முன்பைவிட மிகப் பலராகத் தகுதி பெற்றார்கள். பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்பாருடன் சேர்ந்து இதனை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு முன்பும் திறமை இருந்தது. அவர்களை யாரும் பரிந்துரை செய்யவில்லை, அவ்வளவுதான். பணநெருக்கடியால் அந்தச் சோதனை நின்றதும் பழைய இடைவெளி திரும்பிவிட்டது.

ஆக, சோதனையும் தவறவிடும், ஆசிரியர் கண்ணும் தவறவிடும். நம் நாட்டின் புதிய முறை இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது என்பது நல்ல செய்தி. ஆயினும் மூன்றாவதாக ஒருவர் பேசவேண்டும். அவர் பெற்றோர். அங்கேதான் நம்மவர்கள் பின்வாங்குகிறார்கள்.

ஒரு மாணவனை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தந்தை இரவுவேலை, தாயார் உணவங்காடியில் உதவியாளர். பேருந்து எண்களை மனத்தில் கூட்டிப் பெருக்கி, எது பகா எண் என்று தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தான். அந்தச் சொல் அவனுக்குத் தெரியாது. “டீச்சர், இந்த பஸ் யாரோடும் சேராது” என்பான். மூன்றாம் வகுப்புத் தேர்வுக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்டபோது, வேண்டாம் என்று எழுதி வந்தது. தாயாரை அழைத்துக் கேட்டேன். “நம்மளப் போல ஆளுங்களுக்கு இதெல்லாம் எதுக்கு டீச்சர்? கிடைக்கலன்னா பிள்ளை மனசு உடைஞ்சிடும்” என்றார். அந்தத் தாயின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிள்ளை எழுதவேண்டிய விடையை அவரே முன்கூட்டி எழுதிவிட்டார். நான் பலமுறை எடுத்துச் சொன்ன பிறகு கையெழுத்திட்டார். பையன் தேர்வாகவில்லை. மனமும் உடையவில்லை. ஆனால் அவன் எப்படிப்பட்டவன் என்று பள்ளி அறிந்துகொண்டது. கணிதத்தில் அவனுக்கு வேறு வேலை கொடுக்கத் தொடங்கினோம். குறும்பும் அடங்கிற்று.

ஆதலின் பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இவை.

பள்ளி எந்தச் சோதனைக்குச் சம்மதம் கேட்டாலும், பிள்ளை எழுதட்டும் என்று விடுங்கள். அதற்கென்று தனிப் பயிற்சி வகுப்பு வேண்டாம். பயிற்சியால் ஏறிய மதிப்பெண் பிள்ளையைத் தாங்காது; நாளை வகுப்பில் திணறப்போவது பிள்ளைதான்.

பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். “என் பிள்ளை கெட்டிக்காரன்” என்றால் ஆசிரியருக்குப் பயனில்லை. “மின்விசிறியைக் கழற்றி மறுபடி பூட்டினான்”, “கதைப் புத்தகத்தின் முடிவை மாற்றி எழுதினாள்” என்று நடந்ததைச் சொல்லுங்கள். ஆங்கிலம் சரளமாக வராதென்று தயங்கவேண்டாம். தமிழாசிரியரிடம் தமிழில் சொல்லுங்கள். அவர் உரியவரிடம் எடுத்துச் செல்வார்.

பிள்ளையின் “ஏன்” என்ற கேள்விக்கு வீட்டில் இடம் கொடுங்கள். தெரியாவிட்டால், “வா, நூலகத்தில் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். தேசிய நூலக வாரியத்தின் வட்டார நூலகங்களில் நூல் இரவல் பெறக் கட்டணமில்லை. தமிழிலே ஆழமாகப் பேசி வளரும் பிள்ளைக்குச் சிந்தனை தடைப்படாது.

தேர்வானால் ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். ஆகாவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வீட்டில் இரு பிள்ளைகள் இருந்தால், ஒருவரை அளவுகோலாக்கி மற்றவரை அளக்காதீர்கள்.

இன்னுமொன்று. பள்ளி முடிந்த பிறகு பக்கத்துப் பள்ளியில் சிறப்பு வகுப்பு என்றேன். பத்து வயதுப் பிள்ளையை யார் அழைத்துப்போவது, யார் திரும்பக் கூட்டிவருவது? வீட்டில் பணிப்பெண் உள்ளவர்களுக்கு இது ஒரு பொருட்டன்று. தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இந்தச் சிறு காரணத்தாலேயே வாய்ப்பு நழுவிப் போகும். இங்கேதான் நம் சமூகம் கைகொடுக்க முடியும். ஓய்வு பெற்ற எத்தனையோ தாத்தா பாட்டிமார் இந்த அவையில் இருக்கிறார்கள். ஒரே அடுக்குமாடியில் நம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருந்தால், வாரத்தில் ஒருநாள் அவர்களோடு பேருந்தில் போய்வர உங்களால் முடியாதா? கோயில்தோறும் அப்படிப் பத்துப் பேர் பெயர் கொடுத்தால், பெற்றோரும் பள்ளியும் ஒப்புதல் தர, அது ஒரு பெரும் தொண்டாகும். அமைப்பாளர்கள் இதனைக் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்று கூட்டம் முடிந்ததும் முதற் பெயராக என் பெயரைத் தருகிறேன்.

தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். இந்த மாற்றம் நல்லதா, கெட்டதா? ஆற்றலுள்ள பிள்ளை ஒவ்வொரு பள்ளியிலும் கவனிக்கப்பட்டால் நல்லது. கூடுதல் வகுப்பும் இன்னொரு பதக்கமாகி, வசதியுள்ளவர்கள் மட்டும் ஓடிப்பிடிக்கும் பந்தயமானால் பழைய கதைதான். எது நடக்கும் என்பதில் அமைச்சுக்குப் பாதிப் பொறுப்பு, மறுபாதி நம்முடையது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். தெரியும்தான், ஆனால் யாராவது குனிந்து பார்க்கவேண்டும்.