வீடியோ கேம் நகலும் குண்டர் சட்டமும்

(பெங்களூரில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரை)



பெங்களூரின் சாதர் பத்ரப்பா சாலையை எஸ்.பி. ரோடு என்றால்தான் ஊராருக்குத் தெரியும். அந்தக் கடைத்தெருவைப் போலவே சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் ஒரு காலத்தில் வீடியோ கேம் தகடுகளின் நகல்கள் வெளிப்படையாகவே விற்றன. மூலத் தகட்டின் விலையில் சிறு பங்குதான் நகலின் விலை.

சோனி நிறுவனம் 1994இல் ஜப்பானில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் கருவியில் நகல் ஓடாது. அசல் தகட்டின் உட்புறத் தடத்தில் ஒரு நுண்ணிய நெளிவு வைக்கப்பட்டிருந்தது; தகடு எழுதும் சாதாரணக் கருவியால் அதைப் பிரதியெடுக்க இயலாது. அந்த நெளிவு தரும் குறியைத் தானே அனுப்பும் ‘மோட் சிப்’பைக் கருவிக்குள் பற்றவைத்துக் கொடுத்தார்கள் கடைத்தெரு மெக்கானிக்குகள். அந்தக் குறி அசலையும் நகலையும் மட்டும் பிரித்துக் காட்டவில்லை. தகடு ஜப்பானுக்குரியதா, அமெரிக்காவுக்குரியதா, ஐரோப்பாவுக்குரியதா என்றும் அறிவித்தது. டோக்கியோவில் முழு விலை கொடுத்து வாங்கிய தகடு லண்டனில் வாங்கிய கருவியில் ஓடாது. திருட்டைத் தடுக்கவென்று சொல்லப்பட்ட பூட்டு, உலகச் சந்தையைக் கூறுபோடவும் உதவியது.

2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம் 65ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. பூட்டை உடைப்போருக்கு 2 ஆண்டு வரை சிறை. ஆனால் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால் மட்டுமே. 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தை இந்தியா அப்படியே நகலெடுக்கவில்லை. இந்த வரம்பு அற்பமானதன்று. நியாயமாக வாங்கிய மென்பொருளைச் சொந்தப் பயன்பாட்டுக்காகப் பிரதியெடுக்க 52ஆம் பிரிவும் இடமளிக்கிறது. அதற்காகப் பூட்டைத் திறக்க ஒருவருக்கு மற்றவர் உதவினால், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, நோக்கம் அனைத்தையும் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும் என்பது 65ஏ விதிக்கும் நிபந்தனை. கடைத்தெரு மெக்கானிக் பேரேடு எழுதிக்கொண்டிருப்பார் என்று நாடாளுமன்றம் எதிர்பார்த்தது போலும்!

கர்நாடகம் இத்தோடு நிற்கவில்லை. 1985ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2014இல், காங்கிரஸ் ஆட்சியின்போது, ‘டிஜிட்டல் குற்றவாளி’ என்ற புதிய இனம் நுழைந்தது. புத்தகம், இசை, திரைப்படம், மென்பொருள் ஆகியவற்றின் பதிப்புரிமையை வணிக நோக்கத்துடன் தெரிந்தே மீறுபவர் இதில் அடங்குவர். வீடியோ கேமும் மென்பொருளே. அமிலம் வீசுவோருக்கான அதே சட்டம், தகடு விற்பவருக்கும்! தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இது புதிதன்று: அங்கே 2004இலேயே திருட்டு வீடியோ குண்டர் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

பதிப்புரிமைச் சட்டத்தின்படி வழக்கு நடந்தால் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். அதன் பின்னரே 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. குண்டர் சட்டத்திலோ விசாரணையே இன்றி ஓராண்டு வரை தடுப்புக் காவல். பிணை கோர வழக்கு என்று ஒன்று இருந்தால்தானே! பதிப்புரிமை அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலில் உள்ள பொருள். பொது ஒழுங்கு என்னும் பின்வாசல் வழியாக மாநில அரசு அதில் நுழைந்தது.

இத்தனை கடுமையும் எவருடைய உடைமையைக் காக்கிறது? 1997இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தை 2019இல் அமெரிக்க ராக்ஸ்டார் நிறுவனம் வாங்கியது. வெளிநாட்டு விளையாட்டுகளில் தோன்றும் வாகனங்களையும் உருவங்களையும் இந்த நகரத்துக் கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் வடித்திருக்கிறார்கள். ஆனால் 17ஆம் பிரிவின்படி, மாறான ஒப்பந்தம் இல்லையெனில், பணியின்போது படைத்தது முதலாளிக்கே சொந்தம். 2012 திருத்தம் திரைப்படப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத உரிமத்தொகையை உறுதிசெய்தது. வீடியோ கேமுக்கு நிரல் எழுதுபவருக்கும் உருவம் வரைபவருக்கும் அப்படி ஒன்றும் இல்லை. பூட்டு எவ்வளவு உறுதியானாலும் அவர்களின் ஊதியம் ஒரு ரூபாயும் உயராது.

இதனால் நகல் விற்பனை புரட்சிகரச் செயலாகிவிடாது. நான்கைந்து பேர் கடன் வாங்கி உருவாக்கிய விளையாட்டை நகலெடுத்து விற்பவர், அவர்கள் உழைப்பின் பலனைப் பறிக்கவே செய்கிறார். விற்பனையின் பெரும்பங்கு முதல் சில வாரங்களில் நிகழ்கிறது, அதுவரையாவது பூட்டு வேண்டும் என்ற வாதத்திலும் உண்மை உண்டு; டெனூவோ என்னும் பூட்டைப் போட்ட பல நிறுவனங்கள் சில மாதங்களில் தாமே அதைக் கழற்றியும் விடுகின்றன. மறுபக்கம், திருட்டுப் பிரதிகள் மலிந்திருந்த போலந்தில் 1994இல் பிறந்த சிடி புராஜெக்ட், தனது ‘விட்சர் 3’ விளையாட்டை 2015இல் தன் சொந்த இணையக் கடையில் பூட்டே இல்லாமல் விற்றது. எல்லாக் கடைகளிலுமாக அந்த விளையாட்டு 5 கோடிப் பிரதிகளைத் தாண்டியது.

இன்றைய பூட்டு தகட்டில் இல்லை. நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. யூபிசாஃப்ட் 2014இல் விற்ற ‘தி க்ரூ’ விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய தகடு அன்றிலிருந்து வெறும் பிளாஸ்டிக். இதையடுத்து எழுந்த இயக்கம் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேலான கையெழுத்துகளைத் திரட்டியிருக்கிறது. விற்ற பொருளைத் திரும்பப் பறித்த நிறுவனத்தை எந்தக் குண்டர் சட்டமும் தொடவில்லை.

எனவே பெங்களூருத் தோழர்கள் முன்னுள்ள பணிகள் இரண்டு. குண்டர் சட்டத்திலிருந்து பதிப்புரிமைக் குற்றங்களை நீக்கக் கோருவது ஒன்று. மற்றது, 2017 முதல் இந்நகரில் இயங்கும் ஐ.டி. ஊழியர் சங்கமான கிட்டுவின் கோரிக்கைகளோடு வீடியோ கேம் தொழிலாளரின் உரிமத்தொகையையும் இணைப்பது. இரண்டாவது கடினம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இளைஞர் பலருக்கு 17ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதையே முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.