டொக்டர் கேட்காத கேள்வி



இங்கே சான் ஹோசேயில் என் அப்பாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, "புகைப்பீர்களா?" என்று டொக்டர் கேட்டார். ஊரில் என்ன தொழில் என்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சுன்னாகத்தில் வெங்காயத் தோட்டத்துக்கு இருபது வருடம், சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு மருந்தடித்தவர் அப்பா. அந்த உடுப்புகளைக் கையால் தோய்த்தவர் அம்மா.

அதனால்தான் நோய் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் மலத்தியன், டயசினோன், கிளைபோசேற் மூன்றையும் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று வகைப்படுத்தியது. அயோவா, வட கரோலைனா விவசாயக் குடும்பங்களில் 1993இல் தொடங்கிய ஆய்வும் சில மருந்துகளுக்கும் சில புற்றுநோய்களுக்கும் தொடர்பு கண்டது. பக்கத்தில் சலினாஸ் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கும் இதே கவலைதான்.

ஊரில் மருந்தடித்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், எந்த மருந்து, எத்தனை வருடம் என்று டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். கழுத்திலோ கமக்கட்டிலோ நோவில்லாத கட்டி தெரிந்தால் உடனே காட்டுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு மருந்தடித்தால் கையுறை போடுங்கள். அந்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள்.

நாங்கள் பிந்தித்தான் சொன்னோம்.