பென்னாகரமும் ஆலம்பாடி மாடும்
(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



ஓர் ஊரின் செல்வம் எத்தகையதென்று அறிய விரும்புவோர் அவ்வூரின் நிலத்தை முதலில் நோக்கவேண்டும். தர்மபுரிக்கு மேற்கே சுமார் 20 மைல் தூரத்தில், மேட்டு நிலத்தின்மீது பென்னாகரம் அமைந்திருக்கிறது. அதற்கப்பால் பூமி மலைச்சரிவாக இறங்கி ஒகேனக்கல்லில் காவிரியை அடைகிறது. மழை குறைவு, நஞ்சை அரிது. கேழ்வரகு, சாமை, கொள்ளு முதலியன மானாவாரியாக விளைகின்றன. மழை தவறிய வருஷங்களில் குடியானவனைக் காத்தது மாடே. அம்மாட்டைக் காத்தது காடு.

காவிரிக்கரை ஆலம்பாடியின் பெயரால் வழங்கும் இம்மாடு, மைசூர் ஹள்ளிகார் இனத்திற்கு உறவுடையது. கருஞ்சாம்பல் நிறமும், முன் தள்ளிய நெற்றியும், பின்னோக்கி வளைந்த கொம்பும் இதன் அடையாளங்கள். பால் சொற்பம், ஏருக்கும் பாரவண்டிக்கும் நிகரற்றது. காட்டில் பட்டி அடைத்து மந்தைகளை வளர்த்துக் காளைக்கன்றுகளைச் சந்தைகளில் விற்பது இப்பக்கத்து வழக்கமாயிருந்தது.

பென்னாகரக் கோட்டை 1791-ல் கர்னல் மாக்ஸ்வெல்லின் படையிடம் வீழ்ந்தது. 1792-ம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் பாரமகால் முழுவதும் கம்பெனியார் வசமாயிற்று. அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாயிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து தீர்வை விதித்தனர். நிலத்திற்குக் கணக்கு வந்தபின் காட்டிற்கும் வந்தது. 1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டத்தின்பின் காடுகள் ரிசர்வு செய்யப்பட்டு, மேய்ச்சல் அநுமதிச் சீட்டுக்கும் கட்டணத்திற்கும் உட்பட்டது. 1934-ல் மேட்டூர் அணை முடிவுற்றபோது ஆற்றோர நிலங்கள் நீரில் மூழ்கின. பிற்காலத்தில் லாரியும் டிராக்டரும் காளையின் வேலையைக் கைக்கொண்டன; பாலுக்காகக் கலப்பினப் பசுக்கள் வந்தன. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-லும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022-லும் ஏற்பட்டன. சரணாலயங்களில் கால்நடை மேய்ச்சலைத் தடுத்துச் சென்னை ஹைகோர்ட்டு 2022 மார்ச்சில் உத்தரவிட்டது. காட்டையே நம்பிய மந்தைகள் அருகிப்போயின.

இவ்விடத்தில் காங்கேயத்துக் குடியானவரின் வழக்கத்தைக் கவனிப்பது நன்று. அவர்கள் தம் சொந்தப் புன்செயில் முள்ளுக்கிளுவை வேலியிட்டுக் கொழுக்கட்டைப் புல்லை வளர்த்தனர். அதற்குக் கொறங்காடு என்று பெயர். அந்தப் புல்லுக்குச் சீட்டு வேண்டியதில்லை. ஆலம்பாடி மாட்டின் மேய்ச்சலோ பிறர் வசமிருந்தது. குறை மாட்டில் இல்லை. மேய்ச்சல் நிலத்தில் இருந்தது.

காடு வனவிலங்கிற்கும் வேண்டியதே. அதனோடு வழக்காடிப் பயனில்லை. ஆயினும் அங்கத்தினர் சில காரியங்களைச் செய்யலாம். தரிசாய்க் கிடக்கும் புன்செயில் ஒரு பகுதியை வேலியடைத்துப் புல்லுக்கு விடலாம். அறுவடைக் காலத்தில் சோளத்தட்டையும் கொள்ளுப்பொட்டையும் சேமித்துவைக்கலாம். சில கிராமங்கள் ஒன்றுகூடி நல்ல பொலிகாளையொன்றைப் பொதுவில் வைத்து, தரங்குறைந்த காளைகளுக்குக் காயடிக்கலாம். சங்கத்தில் மாட்டுக்கடன் கேட்பவரிடம், தீனிக்கு வழியென்ன என்று முதலில் விசாரிப்பதும் அவசியம். தீனியின்றி வாங்கிய மாடு கோடையில் பாதி விலைக்குப் போகும்; கடன் மட்டும் குறையாது.

தனியொருவனால் பொலிகாளை வைத்துப் பேணுவது கடினம். பலர் சேர்ந்தால் அது எளிது. கூட்டுறவின் பயன் இதுவே.