கிண்ண அலைவாங்கியும் வீட்டுத் தொலைக்காட்சியும்



1975-ஆம் ஆண்டு, அமெரிக்கா இரவலாகத் தந்த துணைக்கோள் ஒன்றின் வழியாக, இந்தியாவின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் தொலைக்காட்சி கண்டன. கம்பிவலையாற் செய்த 3 மீட்டர் அகலக் கிண்ணம் ஊரில் நின்றது. தமிழகம் அவ் ஆறனுள் இடம்பெறவில்லை. இன்றோ தமிழகத்துக் கூரைகள் பலவற்றிற் சிறு கிண்ணம் நிற்கிறது. ஆயினும் அதனைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் முறையை வீட்டார் பலர் அறியார். கருவி வீட்டினுள் இருக்க, அதன் அறிவு வெளியே நிற்றல் தகுமோ?

துணைக்கோள் நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோ மீட்டர் உயரத்தில், நிலவுலகின் சுழற்சிக்கு ஒப்பச் சுற்றுகிறது. ஆகலின் வானில் ஓரிடத்திலேயே நிற்பதுபோல் தோன்றுகிறது. தூரதர்சனின் கட்டணமில்லா ஒளிபரப்பைச் சுமக்கும் சீசாட்-15, 2015-இல் ஏவப்பெற்றது. கிழக்கு நெட்டாங்கு 93.5 பாகையில் உள்ளது. சென்னையில் நின்று நோக்குவார்க்கு அது தென்கிழக்கே, அடிவானிலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் அமையும். அத் திசையில் மரமோ சுவரோ மறைத்தலாகாது. சிறு கிண்ணம் ஒருமருங்கு சாய்வாக வார்க்கப்பெற்றதாகலின், அதன் முகம் அதனினும் தாழ்ந்தே தோன்றும், அது பிழையன்று.

கிண்ணம் குவிக்கும் அலையை அதன் முன்னுள்ள அலைமாற்றி, மக்கள் 'எல்.என்.பி.' என்பது, 950 முதல் 2,150 மெகா எர்ட்சு வரையிலான தாழ்ந்த அலைவெண்ணாக்கி, வடத்தின் வழியே பெறுபெட்டிக்கு அனுப்புகிறது. அதே வடத்தில் பெட்டி அலைமாற்றிக்கு மின்னழுத்தம் விடுக்கிறது: நிலைக்குத்தலைக்கு 13 வோல்ட்டு, கிடையலைக்கு 18 வோல்ட்டு. ஆகலின், வடத்தைத் தொடுமுன் பெட்டியின் மின்னிணைப்பை நீக்குதல் முதற் கடமை. நடுக்கம்பியும் சுற்றுவலையும் ஒன்றையொன்று தொடின் பெட்டி பழுதுறக் கூடும்.

பின்னர் 75 ஓம் வடத்தின் இரு முனையிலும் திருகிணைப்பி பொருத்துக. ஒரு முனை அலைமாற்றிக்கு. மறுமுனை பெட்டியின் உள்வாய்க்கு. வடம் சுவரினுட் புகுமுன் சற்றே தாழ்ந்து வளைதல் வேண்டும்; மழைநீர் அவ் வளைவிற் சொட்டிவிடும். பெட்டியையும் தொலைக்காட்சியையும் எச்.டி.எம்.ஐ. வடத்தால் இணைக்க. பழைய தொலைக்காட்சியாயின் மூவண்ண வடம்: மஞ்சள் படத்திற்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. அதன் பிறகே மின்னிணைப்பு. தொலைக்காட்சியில் உரிய உள்வாயைத் தேர்ந்து, குறிகை வலிமை காட்டும் பக்கத்தை ஒருவர் நோக்க, மற்றவர் கிண்ணத்தை இம்மியிம்மியாகத் திருப்புக. அளவு மிக்குயரும் இடத்தில் முறுக்காணிகளை இறுக்குக.

இணைப்பு இவ்வளவே. இதனுள் தமிழாற் சொல்லவியலாதது ஒன்றேனும் உண்டா? வினைநுட்பம் தாய்மொழியில் வீடு புகுமாயின், பள்ளிச் சிறுமியும் பெட்டியை இணைப்பாள். கூரைமேல் ஏறும் தொழிலாளியும் தம் வேலை ஏன், எதற்கு என அறிந்து செய்வார். பெயரறிந்தவர் பொருளறிவார், பொருளறிந்தவர் பிறர் கையை எதிர்பாரார்.